இருபத்தோராவது தர்ப்பை

ஏகாம்பரம் சார் குருவைத் தேடிக் காசி வரைக்கும் போனார். கங்கையில் முங்கினார், நாலைந்து மடங்களின் வாசலில் காத்துக் கிடந்தார். சளி பிடித்ததுதான் மிச்சம். ஊர் திரும்பினால், ஆற்றங்கரைக் குடிலில் வரட்டி தட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது தில்லைநாயகி.

யார் இந்தத் தில்லைநாயகி? அவரிடமே ஐந்தாம் வகுப்பு படித்தவள். சும்மா படித்தவளா? எதற்கெடுத்தாலும் "ஏன் சார்?" என்று கேட்டு, வாரத்தில் மூன்று நாள் வகுப்புக்கு வெளியே நின்று படித்தவள். நிற்க வைத்தவர் சாட்சாத் ஏகாம்பரம் சார்தான். இருபது வயதில் எங்கேயோ போனாள். பதினைந்து வருஷம் கழித்து வந்தாள். அவளிடம் இரண்டு வார்த்தை பேசினால் மனசு லேசாகிறது என்று ஊரே சொல்ல ஆரம்பித்தது.

சாருக்கும் லேசானது. ஊருக்கெல்லாம் டீச்சரம்மாவான அவர் மனைவி கமலம் அப்போது காலமாகி நாலு மாசம். டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு குடிலுக்கே வந்துவிட்டார்.

அன்றிலிருந்து அவர் "தாயே" என்பார், அவள் "சார்" என்பாள். கேட்கிறவர்களுக்குத்தான் சிரிப்பு. அவர்கள் இரண்டு பேருக்கும் பழகிவிட்டது. நாமும் இனி மரியாதையாகத் தில்லையம்மா என்றே சொல்லிவிடுவோம்.

வந்த முதல் நாளே சார் கேட்டார்.

"தாயே, எனக்கு மந்திர உபதேசம் வேணும்."

"பார்க்கலாம் சார்."

இரண்டு வருஷம் ஓடிவிட்டது. மாசம் ஒரு தடவை கேட்பார். மாசம் ஒரு தடவை "பார்க்கலாம் சார்" வரும். பள்ளிக்கூடத்தில் எத்தனை பிள்ளைகளை அவர் இப்படிக் காக்க வைத்தாரோ!

இந்த வருஷம் பஞ்சாங்கத்தைப் புரட்டியவருக்கு ஒரு துருப்பு கிடைத்தது. பௌர்ணமியன்று சந்திர கிரகணம். அதுவும் சந்திரன் உதிக்கும்போதே பாதி மறைந்துதான் உதிக்கும். இரவு ஏழு ஐம்பதுக்கு விட்டுவிடும்.

"தாயே, கிரகண காலத்துல உபதேசம் வாங்க நாள் நட்சத்திரம் பார்க்க வேண்டாம். ஒரு தடவை ஜபிச்சா லட்சம் தடவை ஜபிச்ச மாதிரி. சாஸ்திரமே சொல்லுது."

தில்லையம்மா பசுவுக்குத் தவிடு கரைத்துக்கொண்டிருந்தார்.

"சரி சார். கிரகணம் விட்டதும் கேளுங்க."

சாருக்குக் காது அடைத்துவிட்டது. சரி என்றா சொன்னார்?

"பிடிச்சிருக்கும்போதுதானே தாயே விசேஷம்?"

"விட்ட பிறகுதானே சார் முகம் தெரியும்."

அன்று ராத்திரி சார் தூங்கவில்லை. எழுந்து உட்கார்ந்து கால அட்டவணை போட்டார். முப்பத்தாறு வருஷம் அட்டவணை போட்ட கை. எத்தனை மணிக்குச் சாப்பாட்டை நிறுத்துவது, எத்தனை மணிக்குப் பாத்திரங்களில் தர்ப்பை போடுவது, பிடித்ததும் ஒரு முழுக்கு, விட்டதும் ஒரு முழுக்கு, எல்லாம் சிவப்பு மையில் கோடு கிழித்து எழுதினார். கடைசி வரியை மட்டும் இரண்டு தடவை அடிக்கோடிட்டார்: உபதேசம்.

ஒரு குறை வரக்கூடாது. ஒரே ஒரு குறை வந்தாலும் உபதேசம் வாங்கத் தனக்கு யோக்கியதை இல்லை என்று அவரே தீர்மானித்துக்கொண்டார். தில்லையம்மா அப்படிச் சொல்லவே இல்லை. ஆனால் சாருக்கு யாரும் சொல்ல வேண்டுமா என்ன?

கிரகணத்தன்று காலையில் ஆற்றோரம் போய்த் தர்ப்பை அறுத்து வந்தார். குடிலில் இருக்கிற பாத்திரங்களை எண்ணிப் பட்டியல் எடுத்தார். பால், தயிர், நெய், மாவு, ஊறுகாய், குடிதண்ணீர்க் குடம் வரைக்கும் இருபது. இருபத்தோராவதாக ஒரு ஜாடி. அது அவர் கட்டிலுக்கு அடியில் டிரங்குப் பெட்டிக்குள் இருந்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இருபத்தொரு தர்ப்பையைத் தனியாக எண்ணி நூலில் கட்டினார். மீதி ஒரு கட்டு தெருவுக்கு. ஊரில் யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சார் விடுவாரா?

பசுவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த தில்லையம்மா திரும்பிப் பார்த்தார்.

"இவ்வளவு தர்ப்பையா சார்?"

"பின்னே? கிரகணத்துல எல்லாம் கெட்டுப் போகுமே தாயே. தர்ப்பை இருந்தா தோஷம் அண்டாது." சொல்லிவிட்டுக் கொஞ்சம் தயங்கினார். "ஆனா அது ஏன் தாயே? இத்தனூண்டு புல்லு எப்படிக் காப்பாத்துது?"

தில்லையம்மா வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

"இந்த 'ஏன்' கேட்டுத்தான் சார் நான் வெளியே நின்னேன்."

சாரும் சிரிக்க வேண்டியதாயிற்று.

"சொல்லுங்க தாயே."

"எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான் சார். எது கெட்டுப் போயிடக் கூடாதுன்னு நினைக்கிறோமோ, அதுமேல வைக்கிறோம்."

இதென்ன பதில் என்று சாருக்குத் தோன்றியது. ஆனால் அட்டவணையில் அடுத்த வேலை காத்திருந்தது.

மத்தியானம் மூன்று மணிக்குப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பாத்திரமாகத் தர்ப்பை போட்டார். போட்டதற்கெல்லாம் ஒரு டிக். இருபது டிக் ஆகிவிட்டது. கடைசித் தர்ப்பையை எடுத்துக்கொண்டு தன் அறைப் பக்கம் நடந்தார்.

நடந்தவர் மூக்கில் ஒரு வாசனை ஏறியது. நல்லெண்ணெயில் பெருங்காயம் பொரிகிற வாசனை!

"அடப் பாவமே! இந்த நேரத்துல யாரு அடுப்பு மூட்டியிருக்கா?"

கையிலிருந்த தர்ப்பையைப் பஞ்சாங்கத்துக்குள் செருகினார். பஞ்சாங்கத்தைக் கக்கத்தில் இடுக்கி, தெருவுக்கென்று வைத்த கட்டையும் எடுத்துக்கொண்டு விடுவிடுவென்று அடுத்த வீட்டுக்குப் போனார்.

அடுத்த வீடு பால்காரி மரகதத்தினுடையது. அவளும் சாரிடம் படித்தவள்தான். இரண்டு கறவை மாடு, ஒரு கன்றுக்குட்டி, ஒரு மகள். மகள் வேணிக்கு நாளைக் காலையில் வளைகாப்பு. மசக்கை தொடங்கியதிலிருந்து அந்தப் பெண் புளிச்சாதம் புளிச்சாதம் என்றே ஜபம் பண்ணிக்கொண்டிருந்தாள். மரகதம் ஒரு பெரிய பானை நிறையப் புளிக்காய்ச்சல் கிண்டி இறக்கிக்கொண்டிருந்தாள்.

"மரகதம்! இன்னுமா அடுப்பு எரியுது? மணி என்ன?"

"முடிஞ்சுது சார், முடிஞ்சுது. ஊரையே கூப்பிட்டிருக்கேன். காலையில சாதத்தை வடிச்சுக் கலக்க வேண்டியதுதான்." முகத்து வேர்வையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "மூணு நாளா மிளகா வறுத்து, பருப்பு வறுத்து... கை போச்சு சார்."

"தர்ப்பை வச்சியா?"

"நீங்க தர மாட்டீங்களான்னுதான் பார்த்துக்கிட்டிருந்தேன்."

சார் தெருக்கட்டிலிருந்து ஒன்றை உருவிக் கொடுத்தார். அவள் பானை மூடிமேல் வைத்தாள். சார் அதைக் கொஞ்சம் நேராக்கி வைத்தார்.

"எடுத்துடாதே. வந்து பார்ப்பேன். வேணி, நீ வெளியே தலை காட்டாம படுத்துக்கோ."

"படுத்துப் படுத்து முதுகு வலிக்குது சார்," என்றாள் உள்ளேயிருந்து வேணி.

"ஏழு அம்பதுக்கு எழுந்திரிக்கலாம்."

அங்கேயிருந்து அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு என்று தெரு முழுக்கப் போனார். தன் அறைக்குப் போக வேண்டிய ஞாபகமே இல்லை.

சாயங்காலம் ஆற்றங்கரையில் நல்ல கூட்டம். கிழக்கே பனங்காட்டுக்கு மேலே சந்திரன் எழும்பியது. யாரோ கடித்துவிட்டு வைத்த அதிரசம் மாதிரி ஒரு பக்கம் குறைந்து, கறுத்துச் சிவந்து வந்தது. "பிடிச்சிருச்சு, பிடிச்சிருச்சு" என்று கூட்டம் சத்தம் போட்டது. சார் பள்ளிக்கூட மணியை அடித்தார். ஓய்வு பெற்றபோது அவருக்குக் கொடுத்தது அது. எல்லாரும் முங்கினார்கள்.

தில்லையம்மா ஈரப் புடவையோடு ஒரு கல்லில் உட்கார்ந்து கண்ணை மூடினார். சாரும் பக்கத்தில் உட்கார்ந்து ஜபமாலையை உருட்டினார். ஒரு கண் மூடியிருந்தது. இன்னொரு கண் கைக்கடிகாரத்தில் இருந்தது.

ஏழு ஐம்பது. சந்திரன் முழுசாக வெளியே வந்து பளீரென்று நின்றது. மறுபடி மணி, மறுபடி முழுக்கு. ஒரு குறை இல்லை! சாருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது, பாதி சந்தோஷத்தில், பாதி குளிரில்.

"தாயே, ஒரே ஒரு சுத்து தெருவைப் பார்த்துட்டு வந்துடறேன். பிறகு உபதேசம்."

"நான் எங்கேயும் போகலை சார்."

மரகதம் வீட்டுப் பானை மூடியில் தர்ப்பை இல்லை.

"எங்கே மரகதம்?"

மரகதம் கன்றுக்குட்டியைப் பார்த்தாள். கன்றுக்குட்டி வேறு பக்கம் பார்த்தது.

"குளிக்கப் போன நேரத்துல கட்டை அவுத்துக்கிட்டு உள்ளே வந்திருக்கு சார். தின்னுடுச்சு."

"தர்ப்பையையா?"

"அதுக்கு அது புல்லுதானே சார்."

பக்கத்தில் நின்ற இரண்டு பெண்கள் சிரித்தார்கள். சார் சிரிக்கவில்லை.

"கிரகணம் பூரா தர்ப்பை இல்லாம இருந்திருக்கு. கொட்டிடணும்."

"முழுப் பானையுமா சார்?"

"பாதிப் பானைக்கு மட்டுமா கிரகணம் பிடிக்கும்?"

மரகதம் ஒரு நிமிஷம் பானையைப் பார்த்தாள். வாசற்படியில் வேணி வந்து நின்று எச்சிலை விழுங்கினாள். மரகதம் வாயைத் திறந்து ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. சார் சொல்லிவிட்டார், அவ்வளவுதான். பானையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போய், குடிலுக்கும் அவள் வீட்டுக்கும் பொதுவான எருக்குழியில் கவிழ்த்தாள். வெறும் பானையோடு வந்து, கிணற்றடியில் உட்கார்ந்து தேய்க்க ஆரம்பித்தாள்.

சாருக்கு நெஞ்சில் என்னவோ சுருக்கென்றது. சட்டம் சட்டம்தானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு திரும்பினார்.

குடிலில் தில்லையம்மா விளக்கேற்றி வைத்துவிட்டுக் காத்திருந்தார். எதிரே ஒரு பாய் விரித்திருந்தது. சாருக்காக.

"என்ன சார், தெரு நல்லா இருக்கா?"

நடந்ததைச் சொன்னார்.

"கொட்டினாளா?"

"உடனே கொட்டிட்டா."

"ம்."

அந்த 'ம்'முக்கு என்ன அர்த்தமென்று பார்க்க சாருக்கு நேரமில்லை. பாயில் உட்கார்ந்தார். உபதேசம் வாங்குகிற நேரத்தைப் பஞ்சாங்கத்திலேயே குறித்து வைக்க ஆசை. பேனாவை எடுத்தார். பஞ்சாங்கத்தைப் பிரித்தார்.

உள்ளேயிருந்து ஒரு தர்ப்பை மடியில் விழுந்தது.

முதலில் அவருக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு பட்டியல் கண்ணுக்கு முன்னால் வந்தது. இருபது டிக். இருபத்தோராவது வரிக்குப் பக்கத்தில் ஒன்றுமே இல்லை.

சார் பேனாவை மூடினார்.

"என்ன சார்?"

"ஒண்ணுமில்ல தாயே."

தர்ப்பையை உள்ளங்கையில் மூடிக்கொண்டார். யாருக்குத் தெரியும்? ஒருத்தருக்கும் தெரியாது. இரண்டு வருஷம் காத்திருந்த நிமிஷம் இதோ எதிரே உட்கார்ந்திருக்கிறது. பேசாமல் கையை நீட்டி வாங்கிக்கொண்டால் ஆயிற்று.

தில்லையம்மா கண்ணை மூடினார். சொல்லத் தொடங்குவதற்கு வாயைத் திறந்தார்.

"இருங்க தாயே!" சார் எழுந்துவிட்டார். "இதோ வந்துடறேன்."

அறைக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து ஜாடியை எடுத்து வந்தார். இப்போது அந்த ஜாடியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதில் இருந்தது உப்பு நாரத்தங்காய். கமலம் படுக்கையில் விழுவதற்கு முந்தின வாரம் போட்டது. சார் மாசத்துக்கு ஒரு துண்டு எடுப்பார். தயிர்சாதத்தோடு அதை ஒரு மணி நேரம் சாப்பிடுவார். மிச்சம் ஒன்பது துண்டு இருந்தது. இன்னும் ஒன்பது மாசத்துக்குக் கமலம் உண்டு என்பது அவர் கணக்கு.

ஜாடியை விளக்குக்குப் பக்கத்தில் வைத்தார். தர்ப்பையையும் வைத்தார்.

"இதுல போட மறந்துட்டேன் தாயே."

"ஏன் மறந்தீங்க?"

"போடத்தான் போனேன். வழியில மரகதம் வீட்டு வாசனை வந்துச்சு. அவ பானையைப் பார்க்கப் போயிட்டேன்."

தில்லையம்மா விளக்குத் திரியைத் தூண்டிவிட்டார்.

"இப்ப நான் என்ன செய்ய?"

"மரகதத்துக்கு என்ன சொன்னீங்க சார்?"

"கொட்டச் சொன்னேன்."

"அப்ப கொட்டுங்க."

சார் நிமிர்ந்து பார்த்தார். வேடிக்கையா என்று பார்த்தார். வேடிக்கை மாதிரித் தெரியவில்லை. ஜாடியை எடுத்துக்கொண்டார். தர்ப்பையை எதற்கு எடுத்தோம் என்று தெரியாமலே அதையும் எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடந்தார்.

எருக்குழியில் நிலா வெளிச்சம் பட்டு எண்ணெய் பளபளத்தது. வேர்க்கடலை கூடத் தெரிந்தது. எவ்வளவு புளிக்காய்ச்சல்! பானைக்குள் இருந்தபோது இவ்வளவு என்று தெரியவில்லை. மூன்று நாள் வேலை என்றாளே.

சார் ஜாடியின் மூடியைத் திறந்தார். கமலத்தின் சமையலறை வாசனை வந்தது. கையைச் சாய்க்கப் பார்த்தார். கை சாயவில்லை. இன்னொரு கையைக் கொடுத்துப் பார்த்தார். அதுவும் முடியாது என்றது. முப்பத்தாறு வருஷம் எத்தனையோ பிள்ளைகளை "ம், சீக்கிரம்" என்று அதட்டியவர், தன் கையையே அதட்டிப் பார்த்தார். ம்ஹூம்.

அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து அழுதார். நன்றாகவே அழுதார். கன்றுக்குட்டி வந்து அவரை மோந்து பார்த்துவிட்டுப் போனது.

பிறகு மூக்கைச் சிந்திவிட்டு எழுந்தார். ஜாடியோடு மரகதம் வீட்டு வாசலில் போய் நின்றார்.

உள்ளே மரகதம் மறுபடி புளியை ஊறப் போட்டுவிட்டு, வேர்க்கடலையை வறுத்துக்கொண்டிருந்தாள்.

"மரகதம்."

"ஐயய்யோ, இன்னும் என்ன சார்? இப்ப கிரகணம் இல்லையே, அடுப்பு மூட்டலாமில்ல?"

"உன்னைக் கொட்டச் சொன்னேன். நீ கொட்டிட்டே." சார் ஜாடியை நீட்டினார். "இதுலேயும் தர்ப்பை போடலை. நான் மறந்துட்டேன். என்னால இதைக் கொட்ட முடியலை மரகதம்."

மரகதம் கரண்டியை வைத்துவிட்டு வந்தாள். ஜாடிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"இது... டீச்சரம்மா போட்டதா?"

"கடைசியா போட்டது."

அவ்வளவுதான், மரகதம் ஜாடியை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள்.

"இதையா கொட்டப் பார்த்தீங்க? உங்களுக்குப் புத்தி கித்தி இருக்கா சார்? டீச்சரம்மா கை பட்டது! கிரகணமாம் கிரகணம்! இதுகிட்ட வருமா அது?"

"அப்படின்னா... உன் புளிக்காய்ச்சலும் கெட்டிருக்காதே."

"இதை இப்ப சொல்றீங்களா!" மரகதம் இடுப்பில் கை வைத்தாள். "குழியில இறங்கி அள்ளிட்டு வரவா?"

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். உள்ளே வேணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சாருக்கு அழுகை போன வழியிலேயே சிரிப்பு வந்தது.

"அம்மா, நாரத்தங்காயா அது?" என்றாள் வேணி. குரலே புளித்தது.

மரகதம் சாரைப் பார்த்தாள். சார் தலையாட்டினார். வேணி ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினாள். எட்டு. இன்னொன்று எடுத்தாள். ஏழு. அந்தப் பெண் கண்ணை மூடியபடி, இத்தனை மாசமாக ஒரு சாப்பாடும் இறங்காத முகத்தில் அப்படி ஒரு திருப்தியோடு சப்பிக்கொண்டிருந்தாள்.

"இன்னொண்ணு எடுத்துக்கோம்மா."

யார் சொன்னது என்று சாரே திரும்பிப் பார்த்தார். அவர்தான் சொல்லியிருந்தார்.

"சும்மா நிக்காதீங்க சார்," என்றாள் மரகதம். "உக்காந்து கடலைக்குத் தோல் எடுங்க. விடியறதுக்குள்ள பானை நிறையணும்."

சார் சம்மணம் போட்டு உட்கார்ந்து முறத்தை மடியில் வைத்துக்கொண்டார். கடலையைத் தேய்த்து ஊதினார். தோல் அவர் மூக்குக் கண்ணாடியெல்லாம் ஒட்டியது. கமலம் கடலை தேய்க்கும்போது பாடுவாளே ஒரு பாட்டு, அது என்ன என்று யோசித்தார். மரகதத்துக்கு அது தெரிந்திருந்தது. டீச்சரம்மா சொல்லிக் கொடுத்ததாம். மிளகாய் வறுபடுகிற நெடியில் இருமிக்கொண்டே மூன்று பேரும் பாடினார்கள். சுருதி மட்டும் ஆளுக்கொரு பக்கம் போனது.

பாட்டுச் சத்தம் கேட்டோ, வாசனை பிடித்தோ, தில்லையம்மாவும் வந்துவிட்டார். ஒன்றும் கேட்காமல் அரிவாள்மணையை இழுத்துப் போட்டு மிளகாயின் காம்பு அரிய உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து சார் கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பதரை. கிரகணம் விட்டு ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகப் போகிறது. அட்டவணையின் கடைசி வரி ஞாபகம் வந்தது. முறத்தைக் கீழே வைத்தார்.

"தாயே."

"சொல்லுங்க சார்."

"நான் எல்லாத்தையும் கெடுத்துட்டேன். குறையில்லாம இருக்கணும்னு பார்த்தேன். முடியலை. கொட்டுங்கன்னு நீங்க சொன்னதையும் செய்யலை." மடியில் ஒட்டிய கடலைத் தோலைத் தட்டினார். "உபதேசத்துக்கு அடுத்த கிரகணம் வரைக்கும் காத்திருக்கவா?"

தில்லையம்மா மிளகாய்க் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு நீட்டினார்.

"வேண்டாம் சார். அந்த மிச்சத் தர்ப்பையைக் கொடுங்க."

சார் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். ஜாடியில் போடத்தான் கேட்கிறார் என்று அவசரமாக ஜாடியை நகர்த்தி, மூடியையும் திறந்து வைத்தார்.

தில்லையம்மா ஜாடியைப் பார்க்கவே இல்லை. எழுந்து வந்து, கடலைத் தோல் ஒட்டியிருந்த அந்த வழுக்கைத் தலையின் மேல் தர்ப்பையை வைத்தார். அது வழுக்கிக்கொண்டு கீழே வரப் பார்த்தது. திரும்ப எடுத்து, பானை மூடிமேல் வைப்பது போலக் கொஞ்சம் நேராக்கி, உள்ளங்கையால் அழுத்தி வைத்தார்.

"விட்டுப்போன பானை இதுதான் சார்."